ஸ்லோ குக்கரில் நம்ம குழம்பு: எதைப் பானையில் வைக்கலாம், எதை அடுப்பிலேயே முடிக்கணும்?

பொங்கோல்_புதுவீடு

எல்லாருக்கும் வணக்கம். மூன்றரை லிட்டர் ஸ்லோ குக்கர் ஒன்று, அதாவது மூடிய பீங்கான் பானையை மின்சாரத்தில் மணிக்கணக்காக மெல்லச் சூடாக்கும் கருவி, வீட்டுக்கு வந்திருக்கிறது. லோ, ஹை, வார்ம் என்று மூன்று நிலை மட்டும் உள்ள சாதாரண வகை. நானும் வீட்டுக்காரரும் காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் திரும்பி வர இரவு ஏழரை ஆகிவிடும். மாமியார் எங்களோடு இருக்கிறார். அவருக்குப் பல் சரியில்லை, கறி மெத்தென்று வெந்தால்தான் சாப்பிட முடியும். பகலில் அவர் தனியாக கேஸ் அடுப்பைப் பற்ற வைப்பதும் எங்களுக்குப் பயம். அதனால்தான் இதை வாங்கினோம்.

கூட வந்த கையேட்டில் சீன சூப்பும் கஞ்சியும்தான் இருக்கின்றன. நம்ம ஆட்டுக்கறிக் குழம்பை வழக்கமான அளவிலேயே போட்டு லோவில் எட்டு மணி நேரம் விட்டேன். கறி அருமையாக வெந்தது, எலும்பைத் தொட்டாலே கழன்று வருகிறது. ஆனால் குழம்பு தண்ணீராக நிற்கிறது. வெங்காயம் வெள்ளை நிறம் மாறாமல் மிதக்கிறது. மல்லித்தூள் பச்சை வாசனை அப்படியே இருக்கிறது. மாமியார் கறியை மட்டும் எடுத்துச் சாப்பிட்டார்.

நம் சமையலுக்கு இது ஒத்துவருமா? ஒத்துவரும் என்றால் எங்கிருந்து தொடங்குவது? பழகியவர்கள் சொல்லுங்கள்.

கடையநல்லூர்_பேத்தி

ஒத்துவரும்மா, தாராளமா ஒத்துவரும். எங்க வீட்டுல பாயா, தால்ச்சா, நோன்புக் கஞ்சி எல்லாம் இதுலதான். ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. நம்ம குழம்புல ரெண்டு வேலை இருக்கு. ஒண்ணு நெருப்போட வேலை: தாளிக்கிறது, வதக்கறது, வறுக்கறது, சுண்ட வைக்கிறது. இன்னொண்ணு நேரத்தோட வேலை: கறி, எலும்பு, பருப்பு வேகறது. இந்தப் பானைக்கு ரெண்டாவது வேலை மட்டும்தான் தெரியும். முதல் வேலையையும் அதுகிட்ட கொடுத்தா நீங்க சொன்ன அத்தனையும் நடக்கும்.

உங்க கேள்விக்கு ஒவ்வொண்ணா வரேன்.

வெங்காயம் ஏன் வெள்ளையா நிக்குது? பானைக்குள்ள சூடு நூறு டிகிரியைத் தாண்டவே தாண்டாது. வெங்காயம் சிவந்து இனிப்பு ஏற அதைவிட நல்ல சூடும், ஈரமில்லாத எண்ணெய்ச் சட்டியும் வேணும். குழம்புத் தண்ணியில கிடக்கற வரைக்கும் அது அவிஞ்ச வெங்காயம்தான். அதனால சட்டியில எண்ணெய் விட்டு, பட்டை கிராம்பு போட்டு, வெங்காயத்தை நல்லா பொன்னிறமா வதக்குங்க. இஞ்சி பூண்டு விழுது, அப்புறம் தக்காளி. அது கரைஞ்சதும் மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள் போட்டு எண்ணெய் ஓரத்துல பிரியற வரைக்கும் கிளறுங்க. பச்சை வாசனை போறது அந்த இடத்துலதான், வேற எங்கயும் இல்ல. கறியையும் அதுலயே ரெண்டு புரட்டு புரட்டி, பிறகு பானைக்கு மாத்துங்க. மொத்தம் இருபது நிமிஷ வேலை. காலையில முடியலன்னா மசாலாவை மட்டும் முந்தின ராத்திரி வதக்கி, ஆற வெச்சு, ஃப்ரிட்ஜ்ல வெச்சுடுங்க. காலையில அதைச் சட்டியில கொதிக்க விட்டு, கறியோட சேர்த்துப் பானையில போடலாம்.

தண்ணி விஷயம். அடுப்புல வைக்கிற குழம்பு பாதி ஆவியாப் போயிடும்னு நினைச்சுதான் நம்ம கை தண்ணி ஊத்துது. இங்க ஆவி மேல போய் மூடியில முத்து முத்தா கோத்து, திரும்ப குழம்புக்குள்ளயே சொட்டும். கறியும் தன் தண்ணியை விடும். ஒரு கிலோ கறிக்கு முக்கால் கப் தண்ணி போதும். சுடுதண்ணியா ஊத்துங்க. பார்க்கும்போது கறி மூழ்காத மாதிரி இருக்கும், பயப்படாதீங்க, ரெண்டு மணி நேரத்துல தானே இறங்கிடும்.

கெட்டியாக்க, கடைசி அரை மணி நேரத்துல தேங்காயோட முந்திரி அரைச்சு ஊத்துங்க. ஊர்ல கசகசா சேர்ப்பாங்க, ஆனா சிங்கப்பூர்ல அது தடை செய்த பொருள், ஊர்லேருந்து வர்றவங்ககிட்டயும் கொண்டுவரச் சொல்லாதீங்க. தேங்காய்ப்பாலும் கடைசியிலதான், முதல்லயே ஊத்தினா திரிஞ்சு எண்ணெய் தனியா மிதக்கும்.

கிராம்பு, ஏலக்காய், பட்டை மூணையும் பாதி அளவா போடுங்க. மணிக்கணக்குல ஊறி கிராம்பு ஏறிக்கும், கசப்பு தட்டும். கறிவேப்பிலை, மல்லித்தழை, மிளகு, சீரகப்பொடி இதெல்லாம் இறக்குறப்ப. அந்த நேரத்துல ஒரு கரண்டி நெய்யில சோம்பு தாளிச்சுக் கொட்டிப் பாருங்க, மாமியார் குழம்பையும் கேட்பாங்க.

இரவுப்பணி_தாதி

அக்கா சொன்னது அத்தனையும் சரி. நான் மருத்துவமனையில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவள், பாதுகாப்புப் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் வீட்டில் வயதானவர் இருக்கிறார்.

கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 முதல் 60 டிகிரி வரை. ஸ்லோ குக்கர் இந்த வரம்பைக் கடந்து மேலே போக நேரம் எடுத்துக்கொள்ளும், அதுதான் அதன் இயல்பு. நாம் செய்ய வேண்டியது அந்த நேரத்தைச் சுருக்குவது. உறைந்த கறியை அப்படியே போடக் கூடாது. முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்து உருக விடுங்கள். ஊற்றுகிற தண்ணீர் கொதிக்கிற தண்ணீராக இருக்கட்டும். முடிந்தால் முதல் ஒரு மணி நேரம் ஹை, பிறகு லோ. பானை பாதிக்குக் குறையாமல், முக்காலுக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும்.

நேரம் குறித்துவைத்துத் தானாகத் தொடங்கும் வகைக் குக்கர்களும் கடையில் உண்டு. குளிர்நாட்டுக்காரர்களே பச்சைக் கறியை வெளியில் வைக்க யோசிப்பார்கள். நம் வீட்டுச் சமையலறை பகலில் முப்பது டிகிரிக்கு மேல் இருக்கிறது. பச்சைக் கறியைப் பானையில் போட்டுவிட்டு "பிற்பகல் தொடங்கு" என்று அமைத்துப் போவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். உங்களுடையது சாதாரண வகை என்பது நல்லதுதான்.

மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் போன சூடு திரும்பி வர இருபது முப்பது நிமிடம் ஆகும். மாமியாரிடமும் சொல்லி வையுங்கள், நம் அம்மாக்களுக்குக் கிளறாமல் கை நிற்காது.

மின்பணி_அண்ணன்

லோ, ஹை பற்றி நிறைய பேருக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கு. லோன்னா 60 டிகிரியில நிக்கும், ஹைன்னா கொதிக்கும்னு நினைக்கிறாங்க. பெரும்பாலான சாதாரண குக்கர்கள்ல ரெண்டுமே கடைசியில கிட்டத்தட்ட ஒரே சூட்டுக்குத்தான் போகும், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே. ஹை சீக்கிரம் போய்ச் சேரும், லோ மெதுவாப் போய்ச் சேரும். அதனாலதான் ஹையில நாலு மணி நேரம், லோவில் எட்டு மணி நேரம்னு கணக்கு வருது. வார்ம் வேற, அது வெந்ததைச் சூடா வெச்சிருக்க மட்டும். அதுல சமைக்கக் கூடாது.

மின்செலவு கேட்பீங்கன்னு சொல்றேன். மூன்றரை லிட்டர் குக்கர் 200 வாட் அளவுலதான் இருக்கும். எட்டு மணி நேரம் முழுசா இழுத்தாலும் 1.6 யூனிட். யூனிட் 30 காசுன்னு (சிங்கப்பூர் சென்ட்) வெச்சுக்கிட்டா ஐம்பது காசுக்குள்ள முடிஞ்சிடும்.

வாங்கும்போது பாதுகாப்புக் குறி ஒட்டியிருக்கான்னு பாருங்க. சிங்கப்பூர்ல ஸ்லோ குக்கர் அந்தக் குறி கட்டாயம் தேவைப்படுற பொருள்கள்ல ஒண்ணு. இணையத்துல வெளிநாட்டுக் கடையில வாங்கினவங்க இதைக் கட்டாயம் சரிபாருங்க. நேரா சுவர் ப்ளக்ல செருகுங்க, ஃப்ரிட்ஜும் கெட்டிலும் ஏற்கெனவே தொங்குற நீட்டிப்புக் கம்பியில செருகாதீங்க. சுவரை விட்டுக் கொஞ்சம் தள்ளி வைங்க, வெளிச்சுவர் நல்லா சுடும். கேபினட்டுக்கு அடியில வெச்சா ஆவி பட்டுப் பலகை உப்பிடும்.

பீங்கான் பானையைச் சூடா இருக்கறப்ப பச்சைத் தண்ணியில காட்டாதீங்க, விரிசல் விடும். ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்த பானையை உடனே சூட்டுல வைக்கறதும் அதே கதைதான்.

சைவம்_மட்டும்

நான் கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்கிறேன். சாம்பாருக்கு ஸ்லோ குக்கர் தேவையே இல்லை. பிரஷர் குக்கரில் நாலு விசிலில் துவரம்பருப்பு வெந்துவிடும். அதற்கு ஏன் எட்டு மணி நேரம்? பருப்பு வெந்த பிறகு புளி, காய், பொடி எல்லாம் அடுப்பில்தான். பானை ஒன்று கூடுதலாகக் கழுவ வேண்டியதுதான் மிச்சம்.

இன்னொன்று முக்கியம். ராஜ்மாவை ஊறவைத்து நேராக ஸ்லோ குக்கரில் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சிவப்பு ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சுப் பொருள் இருக்கிறது, ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்று பெயர். நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும். கொதிக்காமல் மிதமான சூட்டில் கிடந்தால் அது குறையாது, பச்சையாக இருப்பதைவிடக் கூடவும் வாய்ப்புண்டு. சாப்பிட்ட சில மணி நேரத்தில் கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு. அதனால் குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகுதான் ஸ்லோ குக்கருக்கு மாற்ற வேண்டும். டின்னில் வரும் ராஜ்மா ஏற்கெனவே வெந்தது, அதற்கு இந்தக் கவலை இல்லை.

கடையநல்லூர்_பேத்தி

சைவம் தம்பி, ராஜ்மா பத்திச் சொன்னதுக்கு நன்றி, இதை எல்லாரும் தெரிஞ்சுக்கணும். சாம்பாருக்கும் நீங்க சொல்றது சரி. ஆனா பருப்பையே ஒதுக்கிடாதீங்க. தால்ச்சாவைப் பாருங்க. ஆட்டு எலும்பும் பருப்பும் ஒண்ணா மணிக்கணக்குல கிடந்தாத்தான் எலும்புச் சாறு பருப்புல இறங்கும். பிரஷர் குக்கர்ல பருப்பு முந்திக்கும், எலும்பு பிந்திக்கும். இதுல ரெண்டும் சேர்ந்து கரையும். அப்புறம் கத்தரிக்காய், உருளை, புளித்தண்ணி எல்லாம் கடைசி ஒரு மணி நேரம் ஹையில. புளியையும் தக்காளியையும் அள்ளி முதல்லயே போட்டா பருப்பு வேகாம கல்லா நிக்கும்.

காய் வைக்கறதுக்கும் ஒரு முறை இருக்கு. நம்ம நினைப்புக்கு மாறா, இதுல கறியைவிட உருளையும் கேரட்டும்தான் மெதுவா வேகும். முதல்லேருந்தே சேர்க்கறதா இருந்தா சின்னதா நறுக்கி, அடியிலயும் ஓரத்துலயும் போட்டு, மேல கறியை வைங்க.

பொங்கோல்_புதுவீடு

அக்கா, அண்ணே, எல்லாருக்கும் நன்றி. வெங்காயத்தையும் மசாலாவையும் ராத்திரியே வதக்கி வைத்து, முக்கால் கப் சுடுதண்ணீரோடு செய்தேன். குழம்பு குழம்பாகவே வந்தது! மாமியார் "இது எந்தக் கடைக் கறி?" என்று கேட்டார். லிட்டில் இந்தியாவில் இருக்கிற வழக்கமான தேக்கா சந்தைக் கறிதான்.

அதைப் பற்றியே ஒரு கேள்வி. எந்தப் பாகம் வாங்க வேண்டும்? கோழி, மீனெல்லாம் இதில் வைக்கலாமா? மாமியாருக்குக் காலையில் கஞ்சியும் செய்து வைக்க ஆசை.

தேக்கா_சனிக்கிழமை

கறி வாங்குவது என் துறை, நான் சொல்கிறேன்.

கடைக்காரரிடம் "குழம்புக்கு" என்று மட்டும் சொன்னால் தொடையில் நல்ல சதையாக வெட்டித் தருவார். ஸ்லோ குக்கருக்கு அது வீண். நீண்ட நேர வேக்காட்டில் கொழுப்பில்லாத சதை நார் நாராக வறண்டுவிடும். கேட்க வேண்டியது முன்னங்கால் தண்டு, கழுத்து, நெஞ்செலும்பு, வால். இவையெல்லாம் ஆடு அதிகம் உழைத்த இடங்கள், அல்லது எலும்பை ஒட்டிய இடங்கள். சதைக்குள் வெள்ளையாகச் சவ்வு ஓடும், அதில் இருப்பது கொலாஜன். 70, 80 டிகிரிச் சூட்டில் மணிக்கணக்காக இருந்தால் அது கரைந்து ஜெலட்டினாக மாறும். வாயில் பிசுபிசுவென்று உதடு ஒட்டுகிறதே பாயாவில், அதுதான். ஃப்ரிட்ஜில் வைத்த குழம்பு மறுநாள் பாளமாக உறைந்திருந்தால் சரியான பாகத்தை வாங்கியிருக்கிறீர்கள் என்று பொருள்.

வெந்துவிட்டதா என்று பார்க்கத் தண்டின் நுனியைப் பாருங்கள். ஆரம்பத்தில் சதை எலும்பை முழுக்க மூடியிருக்கும். வேக வேகச் சதை மேலே சுருங்கி ஏறி, எலும்பின் முனை ஒரு விரல் அகலம் வெள்ளையாக வெளியே தெரியும். அந்தக் கட்டத்தில் கரண்டிக் காம்பால் குத்தினால் தடையில்லாமல் இறங்கும். நெஞ்செலும்பில் இந்த அடையாளம் தெரியாது, அதற்குக் குருத்தெலும்பைக் கடித்துப் பார்ப்பதுதான் வழி.

ஆட்டுக்கால் வாங்கினால் நன்றாகச் சுட்டு, சுரண்டி, ஒருமுறை தனியாகக் கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பிறகு பானையில் வையுங்கள். இதைச் செய்யாவிட்டால் மூடி போட்டு வேகும்போது வாடை வெளியேற வழியில்லாமல் சூப்பிலேயே தங்கிவிடும். லோவில் பத்து மணி நேரம் தாராளமாகப் பிடிக்கும்.

கோழியில் எலும்போடு தொடை, கால் மட்டும் வையுங்கள், லோவில் ஐந்து மணி நேரம் போதும். தோலை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மேலே எண்ணெய் ஏடாக நிற்கும். நெஞ்சுக்கறி வேண்டாம், நாள் முழுக்க வெளியே போகிறவர்களுக்கு அது வைக்கோல்தான். மீனும் இறாலும் இதில் வைப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. பத்து நிமிடத்தில் வேகிற பொருளுக்கு மண்சட்டியும் அடுப்பும் இருக்கின்றன.

பழையபுத்தகம்

ஒரு செய்தி சேர்க்கிறேன், கஞ்சி பற்றிப் பேச்சு வந்ததால் நினைவுக்கு வந்தது. இந்தக் கருவியை அமெரிக்காவில் உருவாக்கியவர் இர்விங் நாக்ஸன். 1940-இல் காப்புரிமை பெற்றார். அவர் தாயாரின் ஊரான லிதுவேனியாவின் வில்னியஸில் யூதக் குடும்பங்கள் வெள்ளிக்கிழமை மாலை பருப்பு வகையும் கறியும் நிறைத்த பானையை ரொட்டிக் கடை அடுப்பில் கொண்டுபோய் வைப்பார்களாம். ஓய்வுநாளில் நெருப்பு மூட்டக் கூடாது என்பதால், அணைந்த அடுப்பில் மிஞ்சிய சூட்டிலேயே அது இரவு முழுக்க வேகும். அந்தக் கதையிலிருந்துதான் அவருக்கு இந்த யோசனை வந்தது. 1970-இல் ரைவல் என்ற நிறுவனம் அவருடைய நிறுவனத்தை வாங்கி, 1971-இல் கிராக்பாட் என்ற பெயரில் விற்கத் தொடங்கிய பிறகுதான் ஊரெங்கும் பரவியது. தொடக்கமே வழிபாட்டு நாளுக்காக இரவில் வைத்த பானை என்பதால், நோன்புக் கஞ்சி இதில் இவ்வளவு நன்றாக வருவதில் எனக்கு வியப்பில்லை.

இரவுப்பணி_தாதி

இரவுப் பணி முடிந்து காலையில் வரும்போது வீட்டில் சூடான கஞ்சி இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை. பேத்தி அக்கா, அந்த நோன்புக் கஞ்சி அளவைச் சொல்லுங்கள். எங்கள் வார்டில் கூட வேலை பார்க்கும் மலாய்த் தோழியும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

கடையநல்லூர்_பேத்தி

சொல்றேன்மா. நோன்பு மாசத்துல பள்ளிவாசல்ல அண்டாவுல காய்ச்சி எல்லாருக்கும் கொடுக்கறதுதான், வீட்டு அளவுக்குச் சுருக்கியிருக்கேன். மூன்றரை லிட்டர் பானைக்குச் சரியா வரும்.

நொய்யரிசி ஒரு கப், பாசிப்பருப்பு ஒரு கைப்பிடி, வெந்தயம் ஒரு தேக்கரண்டி. கழுவி அரை மணி நேரம் ஊற வைங்க. ராத்திரி முழுக்க வெளியில ஊற விடாதீங்க, இங்க இருக்கற வெக்கைக்குப் புளிச்சுடும். சட்டியில நெய்யும் எண்ணெயும் விட்டு, சின்னத் துண்டு பட்டை, ஒரு ஏலக்காய், ஒரு கிராம்பு, வாசனைக்குப் பாண்டான் இலை (ரம்பை இலை) ஒண்ணு முடிச்சுப் போட்டு, வெங்காயம் வதக்குங்க. இஞ்சி பூண்டு விழுது கொஞ்சம் தாராளமா. ஒரு தக்காளி, ரெண்டு பச்சைமிளகாய். 150 கிராம் கொத்துக்கறியைப் போட்டுச் சிவப்பு மாறி உதிர் உதிரா வர்ற வரைக்கும் கிளறுங்க. கொத்துக்கறியைப் பச்சையா பானையில போட்டா உருண்டை உருண்டையா கட்டிக்கும். மஞ்சள், சீரகப்பொடி சேர்த்து, எல்லாத்தையும் பானையில கொட்டி, கொதிக்கிற தண்ணி எட்டு கப் ஊத்துங்க. லோவில் ஆறு மணி நேரம். ஹைன்னா மூணரை மணி நேரம்.

பானையோட ஓரத்துல அரிசி ஒட்டும். விடியறப்ப ஒரு தடவை மட்டும் மரக்கரண்டியால ஓரத்தைச் சுரண்டிக் கிளறி, உப்பு போட்டு, ஒரு கப் தேங்காய்ப்பாலை ஊத்தி, இன்னும் அரை மணி நேரம் விடுங்க. ரொம்ப இறுகியிருந்தா சுடுதண்ணி ஊத்திக்கலாம். மேல மல்லித்தழை, புதினா. வெந்தயம் நல்லா குழைஞ்சு கரைஞ்சிருக்கணும், அதுதான் கஞ்சிக்கு வழவழப்பு.

மாமியாருக்குக் கறி வேண்டாம்னா அதை விட்டுட்டு, கேரட்டைத் துருவிப் போடுங்க. அரிசியும் தண்ணியும் அதே அளவுதான்.

பொங்கோல்_புதுவீடு

எழுதி வைத்துக்கொண்டேன் அக்கா. கடைசியாக ஒன்று. நாங்கள் சாப்பிட்டது போக மிஞ்சிய கஞ்சியையும் குழம்பையும் அப்படியே வார்மில் விட்டு மாலைவரை வைத்திருக்கலாமா? மாமியார் பகல் பன்னிரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவார்.

இரவுப்பணி_தாதி

வார்மில் அவ்வளவு நேரம் வேண்டாம், நீங்கள் ஏழு மணிக்கே கிளம்புவதால் பன்னிரண்டு மணிக்கே நேரம் கடந்துவிடும். வெந்து முடிந்ததிலிருந்து நாலு மணி நேரத்துக்கு மேல் வார்மில் வைக்காமல் இருப்பது நல்லது. இரண்டு வேளைப் பங்கையும் காலையிலேயே தட்டையான சின்ன டப்பாக்களில் எடுத்து, ஆவி அடங்கியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். பானையோடு ஃப்ரிட்ஜில் வைத்தால் கனமான பீங்கான் சூட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஆறவே ஆறாது. சோறு, கஞ்சி இரண்டிலும் வளரும் ஒரு வகைக் கிருமியின் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது, அதனால் வெளியே வைக்கும் நேரத்தில்தான் கவனம் வேண்டும்.

திரும்பச் சூடாக்க ஸ்லோ குக்கரைப் பயன்படுத்தாதீர்கள், அதற்கு நேரம் அதிகம் பிடிக்கும். மாமியாருக்குக் கேஸ் வேண்டாம் என்றால் மைக்ரோவேவில் நடுவில் ஒருமுறை கிளறிவிட்டு ஆவி பறக்கும்வரை சூடாக்கச் சொல்லுங்கள். டப்பாவை ஒரு வேளைக்கு ஒன்றாகப் பிரித்து வைத்தால் அவருக்கும் சுலபம்.